ஞாயிற்றுக்கிழமைச் சவரம்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிற ஆள் இல்லை ஜும்பர். ஜார்ஜியாவில், ஜெஸ்தபோனி ஊரின் உருக்காலையில், உலைக்கு எதிரே ஆயுசில் பாதியைக் கழித்தவன். ஒரு தடவை கொதிக்கிற உலோகத் துளி பூட்ஸுக்குள் விழுந்து சதையைத் தின்றபோதுகூட, வேலை முடிகிற வரைக்கும் நின்று, வீட்டுக்கு நடந்து வந்து, பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்றினான். அந்தக் காலைப் பார்த்து அலறியது அவன் மனைவி கதூனாதான். அவன் இல்லை.

அப்படிப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் சுருண்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தான். லீவுக்கு வந்த கதூனா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் ஓடினாள்.

அவள் இத்தாலிக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. கடலோரத்துப் பாரி நகரத்தில், படுத்த படுக்கையான ஒரு பணக்கார அம்மாளைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அவளைப் போல வேலை செய்கிற ஜார்ஜியப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து லீவு நாளில் தலையைச் சாய்க்க ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்த ஜும்பரை அங்கேதான் தங்க வைத்திருந்தாள். இத்தனை வருஷமாக 'பொண்டாட்டி சம்பளத்துல ஊர் சுத்த நான் வரமாட்டேன்' என்று முறுக்கிக்கொண்டிருந்தவன், இந்த வருஷம் திடீரென்று விமானம் ஏறிவிட்டான். சுற்றிப் பார்க்க இல்லை. அவளைத் திரும்ப அழைத்துப்போக. புனித நிக்கோலாஸ் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, வெளியே வந்த கையோடு கேட்டான். "போதும் பொண்ணே, வீட்டுக்கு வா." ஈஸ்டர் முடிந்ததும் வந்துவிடுவதாக அவளும் ஒப்புக்கொண்டாள். அது போன ஞாயிற்றுக்கிழமை.

"நேத்து மத்தியானத்துலேருந்து இப்படித்தான் கிடக்கறான்" என்றாள் சியாலா. அந்த வீட்டுப் பெண்களில் மூத்தவள், சனிக்கிழமையே லீவு கிடைக்கிறவள், வாய் மட்டும் ஓயாது. "உனக்கு போன் போட்டா கொன்னுடுவேன்னுட்டான். தண்ணி குடுத்தா வாந்தி. என் கட்டில்ல எந்த ஆம்பளையும் படுத்ததில்ல. வந்தது வந்தது, இப்படி ஒருத்தன்."

"காது கேக்குது சியாலா" என்றான் ஜும்பர், சுவரைப் பார்த்தபடியே.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

கதூனா அவன் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. வலது பக்கம் அடிவயிற்றில் லேசாகத் தொட்டாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து விலக்கினான். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. "செத்துடுவேன் போல இருக்கு" என்று மெல்ல முனகினான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் வாயிலிருந்து அவள் கேட்டறியாத வார்த்தை அது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"கூப்பிடு, கூப்பிடு. தெருவே வந்து பால்கனியில நின்னு வேடிக்கை பார்க்கட்டும். ஜார்ஜியாக்காரனை மூட்டையாட்டம் தூக்கிட்டுப் போறாங்கன்னு. நான் என் கால்ல நடந்துதான் போவேன்."

நடப்பதற்கு வழி இருந்தது. அதுதான் பாழாய்ப்போன விஷயம். கதூனாவின் கைப்பையில் ஊசி மருந்து இருந்தது. ஜெஸ்தபோனியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் காய்ச்சலோ வலியோ, எல்லாருக்கும் ஊசி போடுகிறவள் அவள்தான். அவள் நர்ஸ் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் மாடிக்கு ஒருத்தி அப்படி இருப்பாள், கேட்டால் போடுவாள், யாரும் கேள்வி கேட்பதில்லை. 'கதூனாவுக்குக் கை லேசு, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது' என்று சொல்லிச் சொல்லியே அவளைக் கெடுத்து வைத்திருந்தார்கள். வலியையும் காய்ச்சலையும் சேர்த்து அமுக்குகிற அந்தக் கண்ணாடிக் குப்பிகளை இத்தாலியில் டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள் என்று, வரும்போது எடுத்து வரச் சொல்லியிருந்தாள். ஜும்பர்தான் பாலாடைக்கட்டிக்கும் கொட்டைமிட்டாய்க்கும் நடுவே சாக்ஸில் சுருட்டிக் கொண்டுவந்தான்.

போட்டாள். அரை மணி நேரத்தில் அவன் கால்களை நீட்டினான். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. எழுந்து உட்கார்ந்து, "சட்டை எங்க?" என்றான்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் அங்கே இருந்த யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறவன் குளித்து, நல்ல உடுப்பு உடுத்திப் போகவேண்டும். அழுக்கும் நாற்றமுமாகப் போய் நிற்பது நோயைவிடப் பெரிய அவமானம். அதுவும் அந்நிய தேசத்தில். வெந்நீர் வைத்தார்கள். சியாலா இஸ்திரி போட்டாள். கதூனா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையில் நுரை தடவி, சவரம் செய்துவிட்டாள்.

"ஏழு வருஷத்துக்கு அப்புறம் பொண்டாட்டி கையால சவரம்" என்றான் ஜும்பர். "இதுக்காவது வயித்து வலி வந்ததே."

"வாயை மூடு மனுஷா, கத்தி பட்டுடும்."

சொல்லி முடிப்பதற்குள் தாடைக்குக் கீழே கத்தி லேசாகக் கீறிவிட்டது. "ஆ! வலிக்குது பொண்ணே! கழுத்தை அறுத்து, இங்கேயே வேற கல்யாணம் பண்ணிக்கலாம்னு பார்க்கறியா?" என்று கத்தினான். சியாலா விழுந்து விழுந்து சிரித்தாள். கதூனாவும் சிரித்துவிட்டாள். கீறிய இடத்தில் காகிதத்தைக் கிழித்து ஒட்டினாள்.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, பளபளக்கிற ஷூ. கழுத்தில் சியாலா வாசனைத் தண்ணீர் தெளித்துவிட்டாள். "மாப்பிள்ளை கெட்டான்" என்றாள். வாசல் வரை வந்தவள், கதூனாவின் காதருகில் குரலைத் தணித்தாள். "ஊசி போட்டேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. போன வருஷம் ஒருத்தி பக்கத்து வீட்டுக் கிழவனுக்கு ஊசி போட்டாளாம். ஆஸ்பத்திரியில விசாரிச்சு, போலீஸ் வந்து, இங்க தங்கறதுக்கான பேப்பரைப் பிடுங்கி ஊருக்கே அனுப்பிட்டாங்களாம்."

"யாரு அது?"

"யாரோ. பஸ் நிக்கற இடத்துல சொன்னாங்க."

ஊருக்குப் போகிற பார்சல் பஸ் நிற்கிற அந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படி ஆயிரம் கதை உலவும். பேர் இருக்காது, தெரு இருக்காது, பயம் மட்டும் இருக்கும். கதூனா அந்தப் பயத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி ஏறினாள். கூடவே இன்னும் ஒரு குப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

அவசரப் பிரிவின் வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிறவள் அவள்தான். உயிர் ஊசலாடுகிறவனுக்குச் சிவப்பு, அவசரமில்லாதவனுக்குப் பச்சை என்று கையில் பட்டை கட்டிவிடுவாள். அந்நிய பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று கதூனா பயந்துகொண்டிருந்தாள். அவளோ முகம் சுளிக்காமல் வாங்கிப் பேரை எழுதிக்கொண்டாள். ஜும்பர் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்துப் புன்னகைத்து, தலையைக் குனிந்து வணக்கம் வேறு சொன்னான்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன செய்யுது?"

"வயித்துல வலி. நேத்துலேருந்து. வாந்தியும் இருந்தது" என்றாள் கதூனா, தெரிந்த இத்தாலிய மொழியில்.

நர்ஸ் காய்ச்சல் பார்த்தாள். இல்லை. நாடி பிடித்தாள். பரவாயில்லை. "பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் வச்சுக்கிட்டா, இப்ப வலி எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. பத்துன்னா தாங்கவே முடியாதது."

கேட்டாள். ஜும்பர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு."

"ரெண்டா? காலையில செத்துடுவேன்னியே."

"அது காலையில. நம்ம பொண்ணு வயசு இருக்கும் அதுக்கு. அது முன்னாடி நின்னு நான் அழணுமா?"

கதூனா கண்ணாடிப் பக்கம் திரும்பி, "மூணு" என்றாள். தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டிச் சொன்னதே பெரிய துணிச்சல் என்று அவளுக்கு அப்போது பட்டது.

"மருந்து ஏதாவது குடுத்தீங்களா? மாத்திரை, ஊசி ஏதாவது?"

கேட்ட குரலில் அதிகாரம் ஒன்றும் இல்லை. பருப்பில் உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் சீருடை போட்டவர்கள் எழுதிக்கொண்டே கேட்கிற எந்தக் கேள்விக்கும், சோவியத் காலத்தில் வளர்ந்த கதூனாவின் தலைமுறைக்கு ஒரே பதில்தான் தெரியும்.

"இல்லை" என்றாள்.

பச்சைப் பட்டை கட்டினார்கள்.

கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. சிவப்பும் ஆரஞ்சுமாக வந்தவர்கள் வந்த வேகத்தில் உள்ளே போனார்கள். பச்சைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் உள்ளூர்க்காரப் பையன் ஒருவன், மீசை முளைத்த தடியன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். அவனுடைய அம்மா கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். "என் புள்ள சாகறான்! உங்களுக்கெல்லாம் புள்ளைங்களே இல்லையா? மாதாவே, என் புள்ளையை இங்கேயே கொல்றாங்களே!" பையன் அம்மாவின் குரலுக்கு ஏற்ப அலறினான். அரை மணி நேரத்தில் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

"இதெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றான் ஜும்பர். "கல்லு அடைச்சிருக்கும். எங்க அப்பாவுக்கு அடைச்சது. தனியா திராட்சைத் தோட்டத்துல போய் நின்னுட்டு வருவார். எங்களுக்கு விஷயமே தெரியாது."

பாரியில் கத்துவதுதான் பேச்சு என்று ஏழு வருஷத்தில் கதூனாவுக்குத் தெரிந்திருந்தது. மீன் விலையையும் கத்தித்தான் கேட்பார்கள், பாசத்தையும் கத்தித்தான் காட்டுவார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறவனை அங்கே நோயாளியைப் பார்க்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். உண்மையாகவே ஒரு கிழவர் ஜும்பரிடம் வந்து எக்ஸ்ரே அறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். ஜும்பருக்கு அதில் ஒரு பெருமை.

மத்தியானத்துக்குப் பிறகு மருந்தின் வேகம் குறைய ஆரம்பித்தது. முதலில் அவன் பேச்சு நின்றது. பிறகு நாற்காலியின் ஓரத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. கழுத்துப் பட்டைக்குள் வேர்வை இறங்கியது.

"பொண்ணே. பை எங்க?"

"நர்ஸைக் கூப்பிடறேன். மறுபடியும் வந்திருக்குன்னு சொல்றேன். உடனே உள்ள எடுத்துடுவாங்க."

"கூப்பிட்டு? அந்தப் பையனாட்டம் நானும் தரையில உருளணுமா? அத்தனை பேர் பார்க்கறாங்க. இன்னும் ஒண்ணு போடு. கூப்பிடற வரைக்கும் தாங்கினா போதும்."

"ஜும்பர்..."

"என்னை அசிங்கப்படுத்தாதே கதூனா." பொண்ணே என்று சொல்லாமல் பேரைச் சொன்னான். கண்ணில் நீர் நின்றது. அதை அவள் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்த நர்ஸ் இருந்தாள். எழுந்து போய்ச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. வலி கூடிவிட்டது என்று சொல்லலாம். காலையில் ஊசி போட்டேன், பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். கதூனா எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கதூனாவுக்கு அந்த நொடியில் தெரிந்தது பேர் தெரியாத அந்த ஒருத்தியும், போலீஸும், பிடுங்கிய பேப்பரும். திரும்பி வந்து ஜும்பரின் கையைப் பிடித்து, மாற்றுத் திறனாளிகளுக்கான அகலமான கழிப்பறைக்குள் கூட்டிப்போய்த் தாழ் போட்டாள். சுவரில் கைகளை ஊன்றி அவன் நின்றான். அவள் இடுப்பில் ஊசியைப் போட்டாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அவளுடைய கைக்கு மட்டும் பயம் தெரியாது.

திரும்ப வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தெளிந்தது. அப்புறம் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரி இருக்கிறது என்றான். "போயிடுச்சு பொண்ணே. சுத்தமா போயிடுச்சு. வீட்டுக்குப் போயிடலாமா?"

"டாக்டரைப் பார்த்துட்டுப் போலாம்."

"ஈஸ்டருக்கு அப்புறம்னியே, நிஜமாத்தானே? அப்புறம் கிழவி அழறா, ஒரு மாசம் போகட்டும்னு ஆரம்பிக்கமாட்டியே?"

"மாட்டேன்."

"திராட்சைப் பந்தலை இந்தத் தடவை இரும்புக் கம்பியில போட்டிருக்கேன். மரம் இல்ல. நீயும் நானும் போனாலும் அது நிக்கும்." சொல்லிவிட்டு அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். பொது இடத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

காத்திருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்த நர்ஸ் அவன் முன்னால் நின்றாள். நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. "தூங்கறாரா? நல்லது. தூங்கட்டும்" என்று கதூனாவைப் பார்த்துச் சிரித்தாள். கதூனாவும் பதிலுக்குச் சிரித்தாள். ஐயோ, சிரித்தாள்.

சாயங்காலம் அவனுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். ஜும்பர் கண்ணைத் திறந்தான். உதடு வறண்டிருந்தது. கை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. எழுந்து நின்று கோட்டின் பொத்தானைப் போட்டான். போட்டு முடித்துவிட்டு, முகம் தரையில் மோத அப்படியே சாய்ந்தான்.

அதன் பிறகு பச்சை, சிவப்பு என்று எதுவும் இல்லை. ஓடினார்கள். கத்தரிக்கோலால் கோட்டையும் வெள்ளைச் சட்டையையும் வெட்டினார்கள். வயிறு பலகையாக இறுகியிருந்தது. தலைமுடியை உச்சியில் முடிந்திருந்த பெண் டாக்டர் ஒருத்தி கதூனாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"குடல்வால் வெடிச்சு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருக்கு. மயக்க மருந்து குடுக்கணும். இன்னிக்கு எதாவது மருந்து உள்ள போயிருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஊசி போட்டேன்" என்றாள் கதூனா. "காலையில ஒண்ணு. இங்க, கழிப்பறையில, ஒண்ணு." கைப்பையிலிருந்து உடைந்த குப்பியை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் அதன் மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. கதூனா மருந்தின் பேரைச் சொன்னாள். டாக்டர் அதை உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, ஒரு கணம் இவளையே பார்த்தாள். "காலையில கேட்டாங்களே. ஏம்மா சொல்லலை?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள். யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை. யாரும் பேப்பரைக் கேட்கவில்லை.

கதூனா தாழ்வாரத்தில் நின்றாள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய அந்த நர்ஸ், தோளில் பையோடு வந்து அவள் எதிரே நின்றுவிட்டாள். அழுதிருந்தாள். "அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரே அம்மா. நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு வந்திருந்தாரே. நான் எப்படி..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டாள்.

இருட்டுவதற்கு முன்பே டாக்டர் வெளியே வந்தாள். தலையில் துணிக் குல்லாய் அப்படியே இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கதூனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அலறினாள். காலையில் அந்த உள்ளூர்க்கார அம்மா கண்ணாடியைத் தட்டியபோது வந்த அதே குரல். அது தன்னிடமும் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பிண அறைக்கு சியாலா வந்தாள். இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அவனை உள்ளூர்க்காரர்கள் கையில் விட்டுவிடாமல், ஊர் வழக்கப்படி தாங்களே குளிப்பாட்டி உடுத்தி அனுப்ப வேண்டும் என்று அந்த அறைக்காரனிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள். சியாலா புதுச் சட்டையும் கோட்டும் கொண்டுவந்திருந்தாள். பஸ் மைதானத்துக் கதை அவளுடைய வாயை அடைத்துவிட்டிருந்தது. பையிலிருந்து சவரக் கத்தியையும் சோப்பையும் எடுத்து வைத்தாள். ஆண் பிணத்துக்கு முதலில் சவரம்தான்.

கதூனா துணியை விலக்கி அவன் கன்னத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"வேண்டாம்" என்றாள். "நேத்தே பண்ணி விட்டுட்டேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சியாலா கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தாடைக்குக் கீழே அந்தக் கீறல் அப்படியே இருந்தது, காகிதத் துணுக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கதூனா எச்சில் தொட்டு அதை மெல்ல எடுத்தாள். நேற்று முழுக்க வலிக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு இடத்துக்குத்தான்.